தொலைபேசிக்குப் பேய் பிடித்தால்

வீட்டில் ஒரு பொருள் காணாமற் போனால் விவேகமுள்ள இல்லத்தரசி என்ன செய்வாள்? அன்று வீட்டுக்கு வந்து போனவர் யார் யாரென்று முதலிற் சிந்தித்துப் பார்ப்பாள். அதை விடுத்து, வீட்டையே இடித்துப் புதிதாகக் கட்டுவோமென்று எவரும் புறப்படமாட்டார். ஆயினும், கையிலுள்ள தொலைபேசி சற்றே முரண்டு பிடித்ததும் நம்மிற் பலர் செய்வது வீட்டை இடிக்கும் காரியமே. "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கித் தாருங்கள்" என்று கடையிற் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். 'ஃபக்டரி ரீசெட்' என்று கடைக்காரர் சொல்லும் அந்த அழிப்பு, தொலைபேசியை வாங்கிய நாளிலிருந்த வெறுமைக்கே கொண்டுபோய் விடுகிறது. நோய் தீரலாம், ஆனால் நோயாளியின் நினைவு முழுவதும் நோயோடு சேர்ந்து போய்விடும்.

இவ்வாறு அழிப்பதற்கு முன், எதனையும் அழிக்காமலே குற்றவாளி இருக்கும் இடத்தை அறிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அதற்குப் பணம் வேண்டியதில்லை. புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. நம் மக்கள் பெரும்பாலோர் வைத்திருக்கும் அன்ட்ரொய்ட் தொலைபேசிக்குள்ளேயே அது வைக்கப்பட்டிருக்கிறது. 'சேஃப் மோட்' என்பது அதன் பெயர். காப்பு நிலை என்று நாம் அதனைத் தமிழில் வழங்கலாம்.

சில மாதங்களுக்கு முன் எம்மிடம் கற்கும் மாணவனொருவன் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தான். "சேர், எங்கட உம்மாட போனுக்குப் பேய் பிடிச்சிட்டு" என்றான். விசாரித்தபோது பேயின் குணங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. யாரும் தொடாமலே திரையில் விளம்பரங்கள் தோன்றுகின்றன. காலையில் நிறைத்து வைத்த மின்கலம் நண்பகலுக்கு முன்பே வற்றிவிடுகிறது. கட்டாரிலிருந்து காக்கா இரவில் அழைத்துப் பேசும்போது, அவர் முகத்தை மறைத்துக்கொண்டு யாரோ ஒருவரின் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கிறது. கடையிற் காட்டியபோது, எல்லாவற்றையும் அழித்தாலன்றித் தீராது என்றார்களாம். தாயாரோ அதற்கு இணங்கவில்லை. காலஞ்சென்ற வாப்பா அனுப்பிய குரற்பதிவுகள் அந்தத் தொலைபேசியில் இருக்கின்றன. "பேய் இருந்தாலும் இருக்கட்டும், அவரு பேசினது போகக் கூடாது" என்று சொல்லி, விளம்பரங்களைத் தள்ளித் தள்ளியே காலத்தைக் கழித்து வந்திருக்கிறார்.

அந்தத் தாயின் பிடிவாதத்தில் நியாயம் இருந்தது. அழிக்காமலே நோயை அறிய வழியிருந்தது; அதனை அவருக்கு எவரும் சொல்லவில்லை என்பதே குறை.

காப்பு நிலை என்பது யாது? தொலைபேசியை ஒரு வீடாகக் கொள்வோம். அதனுடன் பிறந்த அடிப்படை மென்பொருள் வீட்டுக்காரர். அழைப்பு, குறுஞ்செய்தி, கமரா முதலிய, வாங்கும்போதே உள்ளிருந்த செயலிகள் வீட்டு மக்கள். பின்னர் நாமாக இறக்கி வைத்துக்கொண்டவை யாவும் விருந்தினர். காப்பு நிலையில் தொலைபேசியை எழுப்பினால், வீட்டு மக்கள் மாத்திரமே எழுவர். விருந்தினர் அனைவரும் தத்தம் அறையில் உறங்கிக் கிடப்பர். அவர்கள் வெளியேற்றப்படுவதில்லை, அவர்களுடைய உடைமைகளும் தொடப்படுவதில்லை. வட்ஸ்அப்பை நாமாக இறக்கியிருந்தால் அதுவும் அவ்வேளையில் இயங்காது. அது கண்டு அஞ்ச வேண்டாம். தொலைபேசியை வழக்கம்போல் மீள எழுப்பியதும் எல்லாம் முன்போல் வந்துவிடும்.

செய்முறையும் எளிதே. மின்பொத்தானை அழுத்திப் பிடித்தால், அணைக்கவா, மீள இயக்கவா என்று கேட்கும் பட்டியல் தோன்றும். சில புதிய தொலைபேசிகளில் ஒலியைக் கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்தவேண்டும். அப்பட்டியலில் 'பவர் ஓஃப்' என்பதைத் தொட்டதும் விரலை எடுத்துவிடாமல் சில விநாடிகள் அப்படியே அழுத்தி வைத்திருங்கள். சேஃப் மோடுக்குச் செல்லவா என்று தொலைபேசி கேட்கும். இசைந்தால், அணைந்து மீண்டும் எழும். திரையின் கீழ் மூலையில் 'சேஃப் மோட்' என்ற எழுத்துத் தெரிவதே அடையாளம். இம்முறைக்கு இசையாத தொலைபேசிகளை முழுவதும் அணைத்துவிட்டு மீள இயக்கி, நிறுவனத்தின் சின்னம் தோன்றும்போது ஒலியைக் குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொத்தான்களை மாற்றி அழுத்தியதால் கறுப்புத் திரையில் ஆங்கிலப் பட்டியலொன்று தோன்றினால், அது நாம் தேடிய இடமன்று. அந்தப் பட்டியலில் எல்லாவற்றையும் துடைத்தழிக்கும் கட்டளையும் இருக்கும். வேறெதனையும் தெரிவு செய்யாமல், மீள இயக்கும் வரியை மாத்திரம் தெரிந்து வெளியேறிவிடுங்கள். முகப்புத் திரையில் மணிக்கூடு, காலநிலை போன்ற சிறு பெட்டிகளை வைத்திருப்போர், காப்பு நிலைக்குச் செல்லுமுன் அத்திரையைப் படமெடுத்து வைப்பது நன்று. திரும்பி வரும்போது அவை சில வேளைகளில் இடம் பெயர்ந்திருக்கும். படம் இருந்தால் பழைய இடத்தில் வைத்துவிடலாம்.

இனி, பொறுமையுடன் கவனிக்க வேண்டும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாகாது. நோய் வழக்கமாக எவ்வளவு நேரத்திற் தலைகாட்டுமோ அவ்வளவு நேரம் தொலைபேசி காப்பு நிலையில் இருக்கட்டும். விடை இரண்டில் ஒன்றாக இருக்கும். கோளாறு முற்றாக மறைந்துவிட்டால், குற்றவாளி விருந்தினருள் ஒருவர். கோளாறு அப்படியே தொடர்ந்தால், வீட்டின் சுவரிலோ அத்திவாரத்திலோ குறை இருக்கிறது. இவ்வளவையும் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே அறிந்துகொள்ளலாம்.

குற்றவாளி விருந்தினரே என்று தெளிந்தால், வழக்கமான நிலைக்குத் திரும்பி, இறுதியாக வந்தவரை முதலில் வெளியேற்றுங்கள். தொலைபேசியை மீள இயக்கி ஒரு நாள் பாருங்கள். நோய் நீங்காவிடின் அதற்கு முந்தியவரை வெளியேற்றுங்கள். எல்லாரையும் ஒரே நேரத்தில் துரத்திவிட்டால், குற்றம் செய்தவர் யாரென்று ஒருபோதும் தெரியவராது. சில தீய செயலிகள் வழக்கமான நிலையில் தம்மை நீக்க இடந்தராமல் திரையை மறைத்துச் சூழ்ச்சி செய்யும். உறங்கும் வேளையில் அந்தச் சூழ்ச்சி நடவாதாகையால், அவற்றைக் காப்பு நிலையில் வைத்தே நீக்கிவிடலாம். நீக்கும் பொத்தான் மங்கிக் கிடந்தால், அமைப்புகளிற் சென்று, அச்செயலிக்கு 'டிவைஸ் அட்மின்' அதிகாரம் வழங்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, முதலில் அதனைப் பறித்துவிட வேண்டும்.

மேற்சொன்ன மாணவனின் வீட்டில், ஒரு மாலை முழுவதும் காப்பு நிலையிற் கிடந்த தொலைபேசியில் ஒரு விளம்பரமேனும் தோன்றவில்லை. பின்னர் ஒவ்வொன்றாக நீக்கிவந்தபோது, மூன்றாவதாக நீக்கிய டோர்ச் செயலியோடு பேயும் போய்விட்டது. தொலைபேசியில் இயல்பாகவே ஒரு விளக்கு இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று கேட்டோம். மின்சாரம் போன இரவொன்றில் யாரோ இறக்கிக் கொடுத்தார்களாம்! வாப்பாவின் குரல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அற்பமான செயலியொன்று இத்தனை அட்டகாசம் செய்யுமா என்று ஐயுறுவோருக்கு உலகறிந்த உதாரணமொன்று சொல்வோம். பொருட்களின் மேலுள்ள கோட்டுக் குறியீட்டைப் படிப்பதற்கென 'பார்கோட் ஸ்கேனர்' என்ற செயலியொன்று கூகுளின் கடையில் இருந்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட தொலைபேசிகள் அதனை ஏற்றிருந்தன. நெடுநாள் நல்ல பிள்ளையாகவே அது வாழ்ந்தது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ஒரு புதுப்பிப்போடு அதன் குணம் மாறிற்று; உலாவியைத் தானாகத் திறந்து விளம்பரங்களைக் கொட்டத் தொடங்கியது. 2021 பெப்ரவரியில் மல்வெயர்பைட்ஸ் என்னும் பாதுகாப்பு நிறுவனம் இதனை வெளியிட்டது. கூகுள் தன் கடையிலிருந்து அச்செயலியை அகற்றியது. ஆனால் முன்னரே ஏற்றியவர்களின் தொலைபேசியில் அது இருந்தபடியே இருந்தது. அண்மையில் எதனையும் இறக்காதவர்கள், புதிய விருந்தினர் எவரும் இல்லையே என்று திகைத்தனர். பழைய விருந்தினரும் கெட்டுப்போகலாம் என்பதே இதன் பாடம். ஆகவே, இறுதியாக வந்தவர்களிற் குற்றம் காணாவிட்டால், அண்மையிற் புதுப்பிக்கப்பட்டவர்களையும் சந்தேகிக்க வேண்டும்.

இந்த உபாயம் தொலைபேசிக்கு மாத்திரம் உரியதன்று, கணினிகளுக்கும் உண்டு. 2024 ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான புதுப்பிப்பினால், உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையுடன் செயலிழந்தன. அவ்வாறு பாதிக்கப்பட்டவை 85 இலட்சம் என்று மைக்ரோசொப்ட் கணித்தது. விமானங்கள் நின்றன; வைத்தியசாலைகளும் வங்கிகளும் தடுமாறின. அன்று நிபுணர்கள் கூறிய பரிகாரங்களுள் முதன்மையானது என்ன? கணினியைச் சேஃப் மோடில் எழுப்பி, குற்றஞ்செய்த அந்த ஒரு கோப்பை மாத்திரம் நீக்குக என்பதே. எல்லாவற்றையும் அழிக்கவேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. உலகத்தின் பெரிய விமான நிலையங்களுக்குப் போதுமாயிருந்த வைத்தியம், நம் வீட்டுத் தொலைபேசிக்குப் போதாமற் போகுமா?

எனினும், இஃது எல்லா நோய்க்கும் மருந்தென்று சொல்வது பொய்யாகும். மின்கலம் வீங்கியிருந்தால், திரை உடைந்திருந்தால், உவர்நீர் உள்ளே புகுந்திருந்தால், காப்பு நிலையினால் ஆவது ஒன்றுமில்லை. வீங்கிய மின்கலத்தோடு பரிசோதனை செய்யவே கூடாது. உடனே அணைத்து, தகுந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஐஃபோன் வைத்திருப்போருக்கு இத்தகைய காப்பு நிலை வழங்கப்படவில்லை. அடிப்படை மென்பொருளுக்குள்ளேயே புகுந்துகொள்ளும் தீநிரல்களும் உண்டு. 2019ஆம் ஆண்டில் வெளிப்பட்ட 'எக்ஸ்ஹெல்ப்பர்' அத்தகையது. சுமார் 45,000 தொலைபேசிகளிற் பரவியதாகச் சிமன்டெக் நிறுவனம் அப்போது அறிவித்தது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிய பின்னரும் அது திரும்பி வந்தது! அழிப்பதே முடிவான மருந்தென்று நம்புவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாளை இந்தக் கரையோரத்தில் மறந்தவர் எவருமில்லை. இலங்கையில் அன்று அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் கடலோரத்து வீடுகளோடு திருமணப் படங்களும், குழந்தைப் பருவப் படங்களும், மறைந்துபோன பெரியோரின் ஒரேயொரு படமும் அலையோடு போயின. தாயின் முகத்தைக் காட்ட ஒரு துண்டுப் படமேனும் கையில் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே இன்று பெற்றோராக இருக்கிறார்கள். அவ்வாறு இழந்த மக்கள், அதன் பின்னர் சேர்த்த நினைவுகளையெல்லாம் வைத்திருப்பது எங்கே? உள்ளங்கையளவான இந்தக் கண்ணாடிப் பெட்டியில் அன்றோ! கடல் கேளாமற் கொண்டுபோயிற்று. நாமோ நம் விரலால் அழித்துவிடுகிறோம். அதுவும், ஒரு டோர்ச் செயலி செய்த குற்றத்துக்காக.

மற்றொன்றும் உண்டு. குடும்பப் பெண்களின் படங்கள் நிறைந்த தொலைபேசியை, பூட்டுத் திறந்தபடி அறிமுகமில்லாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் வரை மனம் பதைத்திருக்கும் தாய்மாரை நாமறிவோம். கடைக்காரர் பலர் நேர்மையுள்ளவர். கேட்டால் இந்தப் பரிசோதனையைத் தாமே முன்னின்று செய்து காட்டுவோரும் அவர்களுள் உண்டு. ஆயினும், வீட்டிலேயே தீரக்கூடிய காரியத்துக்காக அந்தப் பதைப்பு எதற்கு? உம்மாவும் மகளும் அடுப்படியில் இருந்தபடியே செய்துகொள்ளத்தக்க பரிசோதனை இது.

அழித்தே தீரவேண்டிய நிலை சில வேளைகளில் வரவுங்கூடும். அப்போதும் முதலிற் படங்களையும் குரற்பதிவுகளையும் கணினிக்கோ, மெமரி கார்டுக்கோ பிரதி செய்யுங்கள். வட்ஸ்அப் உரையாடல்களைக் கூகுள் கணக்கிற் காப்புப் பிரதியாகச் சேமிக்க அச்செயலியிலேயே வழியிருக்கிறது. அந்தக் கணக்கின் கடவுச்சொல் உங்களுக்குத் தெரியுமா என்றும் பாருங்கள். தொலைபேசி வாங்கிய அன்று கடைப் பையன் திறந்து கொடுத்த கணக்காக இருந்தால், அது பலருக்குத் தெரியாது. திறப்பு இல்லாத பெட்டகத்தில் நகையை வைத்துப் பயன் என்ன?

ஆகவே, வாசக நேயர்களே, தொலைபேசிக்குப் பேய் பிடித்ததென்று தோன்றினால், முதலில் ஒருமுறை சாதாரணமாக அணைத்து எழுப்புங்கள். அதற்கும் அடங்காவிட்டால் காப்பு நிலையில் வைத்துப் பாருங்கள். பிழை செய்தவரைக் கண்டுபிடித்து அவரை மாத்திரம் வெளியேற்றுங்கள். பிரதி எடுத்த பின்னர், வேறு வழியே இல்லையென்றால் மாத்திரம், அழிப்பதைப் பற்றி யோசியுங்கள். இந்த வரிசையை வீட்டில் ஒருவர் அறிந்திருந்தாற் போதும். இன்று ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளும் வீட்டிலிருப்பார்கள். நல்ல நிலையிலுள்ள தொலைபேசியிலேயே ஒருமுறை காப்பு நிலைக்குச் சென்று திரும்பிப் பழகிவையுங்கள். நீந்தக் கற்பதற்கு வெள்ளம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.