மேகக் காட்டில் ஒரு சீழ்க்கை

அடையாற்றுத் தோப்புகளிலும் மயிலாப்பூர் மதில்களிலும் வைகறையில் பாடும் குண்டுக்கரிச்சானை அறிவீர்கள். அது மனிதரைக் கண்டு அவ்வளவாக அஞ்சுவதில்லை. அதற்கு நேர்மாறான இயல்புடைய பாடும் பறவை ஒன்று இலங்கையின் மலைக்காடுகளில் மட்டுமே வாழ்கிறது. அதுவே இலங்கைச் சீகாரப் பூங்குருவி.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள சீகாரப் பூங்குருவிக்கு அது உறவு, உருவில் சிறியது. நீளம் சுமார் 20 சென்டிமீட்டர். ஆண் கருநீலம், பெண் பழுப்பு; இரண்டுக்கும் தோளில் நீலத் திட்டு உண்டு. இருண்ட ஓடைக்கரைகளில் பூச்சி, சிறு தவளை, பல்லி ஆகியவற்றைத் தேடி உண்ணும். விடியலிலும் அந்தியிலும் அதன் கூரிய சீழ்க்கை கேட்கும். பறவை கண்ணில் படுவதோ அரிது. அறிவியல் உலகுக்கு 1872இல் அதனை அறிமுகப்படுத்தியவர் ஹோல்ட்ஸ்வொர்த்.

நம் மக்கள் 'பாவாத மலை' என்றழைக்கும் சிகரத்தில் 1344இல் இப்னு பதூதா ஏறினார். அந்நாளில் அம்மலைநாட்டைப் பெருங்காடு போர்த்தியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பிக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. 1869 முதல் இலைத்துரு நோய் காப்பியை அழிக்கவே, அவ்விடத்தில் தேயிலை வந்தது. அங்கே உழைத்தவர்கள் தமிழகத்திலிருந்து சென்ற ஏழைகள். அவர்களைப் பழிப்பது நீதியாகாது. இலாபம் கண்டவர்கள் தோட்ட முதலாளிகள்.

எஞ்சிய காட்டின் பயன் என்ன? தவழும் மேகத்தின் ஈரத்தை இலைகளும் பாசிகளும் பிடித்துத் துளித்துளியாய் மண்ணில் இறக்குகின்றன. மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்கு நீரூட்டும் ஹோர்ட்டன் சமவெளி, 1988இல் தேசியப் பூங்காவாயிற்று; 2010இல் உலகப் பாரம்பரியச் சின்னமான மத்திய மலைநாட்டின் பகுதியாயிற்று. ஆயினும் அங்கே மரங்கள் பட்டுப்போகின்றன. பூங்குருவியும் அழியும் ஆபத்திலுள்ள இனமாகவே பட்டியலிடப்பட்டுள்ளது.

தியாகராய நகர்க் கடையில் தேயிலை வாங்கும் நமக்கு இதில் என்ன பங்கு என்று எண்ணாதீர்கள். நாம் அருந்தும் ஒவ்வொரு கோப்பைத் தேநீருக்கும் எங்கோ ஒரு மலைச்சரிவு விலை கொடுத்திருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அம்மலைகளுக்குச் செல்ல நேர்ந்தால் நெகிழிப் பையையும் கூச்சலையும் விட்டுச் செல்லுங்கள். காடு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நாம் ஒருபோதும் காணாத பறவைக்கும் அதில் உரிமை உண்டு.