மலிவு இயந்திரமும் மின்கட்டணமும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடத்தை நெருங்குமுன் வருவது சேரப்பணஞ்சேரி. ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டு ரெனால்ட்-நிஸான் கார் தொழிற்சாலையும், 2012இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் வந்தன. இத்தகைய ஆலைகளை நம்பி, இரும்புத் தகடு வெட்டி உதிரிபாகம் செய்துதரும் பட்டறைகள் இவ்வட்டாரத்தில் உள்ளன. அப்படியொரு பட்டறை தொடங்க விரும்பும் இளைஞர் ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் யோசனை கேட்டார். கரியமிலவாயு லேசர் இயந்திரம் ஒன்று, பழையது, பாதி விலைக்கு வருகிறதாம். தாயாரின் நகைகளை விற்று வாங்கிவிடலாமா என்பது அவர் கேள்வி.

அவசரம் வேண்டாம் என்றோம். காரணத்தை நம் இல்லத்தரசிகள் எளிதில் விளங்கிக்கொள்வர். பழைய குண்டு பல்பைக் கையால் தொட முடியாதல்லவா? அது உண்ட மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகவே போயிற்று. லேசரிலும் இதே கதைதான்.

கரியமிலவாயு லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர், மராட்டிய மாநிலம் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். பல்லாண்டுகள் தொழிற்சாலைகளில் கோலோச்சிய அருமையான சாதனம் அது. ஆயினும் அதற்கு 100 பங்கு மின்சாரம் தந்தால், ஒளியாக வெளிவருவது சுமார் 10 பங்கே. இன்றைய இழை லேசரில், இட்டெர்பியம் கலந்த மெல்லிய கண்ணாடி இழைக்குக் குறைகடத்தி டையோடுகள் ஒளியூட்டுகின்றன. நம் வீட்டு எல்.இ.டி. விளக்கின் உறவினர் என்றே இவற்றைச் சொல்லலாம். இதில் 30 முதல் 40 பங்கு வரை ஒளியாகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். 4 கிலோவாட் ஒளி தர, பழையதற்கு 40 கிலோவாட் மின்சாரம் வேண்டும். மீதி 36 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றக் குளிர்விப்பானுக்கு, மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தாலும், இன்னொரு 12. ஆக 52. நல்ல இழை லேசருக்கோ 10, அதன் குளிர்விப்பானுக்கு 2, மொத்தம் 12. முழு வலிமையில் 8 மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு 320 யூனிட் வித்தியாசம். மாதம் 25 நாள் என்றால் 8,000 யூனிட்! பாதி விலையில் மிச்சமான பணம் எத்தனை மாதம் தாங்கும்?

வேகத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இழை லேசரின் அலைநீளம் மற்றதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆதலால் உலோகம் அதை நன்கு உறிஞ்சுகிறது, மெல்லிய தகடு விரைவாக வெட்டுப்படுகிறது. அக்ரிலிக், மரம் வெட்டுவோருக்கு மட்டும் இன்றும் கரியமிலவாயு லேசரே ஏற்றது.

புதியதை வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் எண்ணவேண்டாம். வெட்டும் இடத்தில் ஊதும் நைட்ரஜனுக்கும், காற்றழுத்த இயந்திரத்துக்கும் ஆகும் செலவு அப்படியே நிற்கும். குழாயில் காற்று கசிந்தால், வேலை நடக்காத நேரத்திலும் மீட்டர் சுழலும். இழை லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நேரே விழித்திரை வரை சென்று சுட்டுவிடும். மூடிய கூண்டில்லாத இயந்திரத்தின் அருகே பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

அந்த இளைஞர் நகைகளை இன்னும் விற்கவில்லை. ஒருநாள் முழுதும் இயந்திரத்தை ஓட்டிக்காட்டி, காலையிலும் மாலையிலும் மீட்டர் அளவைக் குறித்துத் தருமாறு விற்பவரிடம் கேட்டிருக்கிறார். பதில் இதுவரை வரவில்லையாம்.