தீயணைப்பு வீரர்களின் கவச உடை: வாங்கினால் மட்டும் போதுமா?

திருவனந்தபுரம்: தும்பாவில் உள்ள கேரள மருத்துவப் பணிகள் கழகக் கிடங்கில் 2023 மே 23 அதிகாலை ஏற்பட்ட தீயை அணைக்கச் சென்ற வீரர் ஒருவர், கட்டடம் இடிந்து விழுந்ததில் உயிரிழந்தார்.

வெப்பம் தாங்கும் வெளிப்படலம், நீர்த்தடுப்பு, வெப்பக்காப்பு என மூன்று அடுக்குகள் கொண்ட கவச உடை தீக்காயத்தைத் தடுக்கும். இடியும் சுவரைத் தடுக்காது. நச்சுப்புகைக்கு சுவாசக் கருவி தனியே வேண்டும்.

தீ அணைந்த பின்னும் ஆபத்து நீங்குவதில்லை. உடையில் படிந்த கரியும் வேதிப்பொருள்களும் தோல் வழியே உடலுக்குள் செல்லக்கூடும். தீயணைப்புப் பணி புற்றுநோயை விளைவிக்கக்கூடியது என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் வகைப்படுத்தியது.

15-வது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, மாநிலத் தீயணைப்புத் துறைகளை நவீனப்படுத்த மத்திய அரசு 5,000 கோடி ரூபாய் ஒதுக்கியுள்ளது. வாகனங்களோடு, வீரர் ஒவ்வொருவருக்கும் இரண்டு உடைகள், நிலையத்திலேயே சலவை வசதி ஆகியவையும் இதில் இடம்பெற வேண்டும். இல்லையெனில், ஒற்றசேகரமங்கலம் போன்ற காட்டாக்கடைப் பகுதிக் கிராமத்தில் ரப்பர் புகைக்கூடம் ஒன்று தீப்பற்றினால், அதை அணைத்த வீரர் கரி படிந்த அதே உடையுடன் அடுத்த அழைப்புக்கும் செல்ல நேரிடும்.