மெஷினைப் போடும் முன்

ஓய்வு பெற்றபின் பழைய தேக்குக் கதவை நானே தேய்த்துப் பாலிஷ் போடலாமென்று சாண்டிங் மெஷின் வாங்கினேன். அவசரத்தில் ஓர் ஆணியைக் கவனிக்கவில்லை. உப்புத்தாள் கிழிந்து முகத்தில் அடித்தது. மூக்குக்கண்ணாடியால் கண் தப்பியது.

என்னைக் கேட்டால், மெஷினை ஓட்டுவது பாதி வேலைகூட இல்லை, முன்னேற்பாடுதான் வேலை. ஆணிகளைப் பிடுங்குங்கள். பலகை ஆடாமல் கட்டுங்கள். உப்புத்தாளில் 80, 120, 180 என்று படிப்படியாக ஏறுங்கள். நடுவில் தாண்டினால், பாலிஷ் போட்டதும் கீறல் பல்லிளிக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதன்மேல் மெஷின் வேண்டாம்.

மரத்தூள் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே சொல்லிவிட்டது. மெஷினுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, முகக்கவசத்துக்குக் கணக்குப் பார்ப்பானேன்?