தெரிந்துகொள்ளும் உரிமை தொழிலாளிக்கும் உண்டு!

ஓசூர் சிப்காட் ஆலைகளுக்கும், சுற்றிலுமுள்ள ரோஜாத் தோட்டங்களுக்கும் ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தருமபுரிச் சீமையிலிருந்தும் வாலிபர்கள் பிழைக்க வருகிறார்கள். ஒரே அறையில் பலராய்ப் படுத்து, ஷிப்டுக்கு ஷிப்டு மாறி உழைக்கிறார்கள். இவர்களில் ஆணை நேசிக்கும் ஆண்கள் உண்டு. ஆண், பெண் இருபாலரையும் நேசிப்போரும் உண்டு. ஊரில் மனைவி மக்கள் உள்ளவர்களும் இதில் அடக்கம். "நம்மிடையே அப்படி யாரும் இல்லை" என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் நம் சென்னையில்தான், 1986-ல், கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அதன்பின் நடந்தது என்ன? 1989-ல் கோவாவில், ரத்ததானம் செய்த ஓர் இளைஞருக்குக் கிருமி இருப்பது தெரிந்ததும், போலீஸ் அவரைப் பிடித்து இரண்டு மாதங்களுக்கு மேல் அடைத்து வைத்தது. சோதனைக்குப் போனால் காவல் என்றால், எவன் சோதனைக்கு வருவான்?

வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிவைத்த 377-வது பிரிவும் இதே வேலையைச் செய்தது. 2018 செப்டம்பர் 6-ல்தான், வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நான்கே நாளில், செப்டம்பர் 10-ல், எச்.ஐ.வி. சட்டம் அமலுக்கு வந்தது. வேலை கொடுப்பதற்கு எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. சம்மதமின்றிச் சோதிக்கக் கூடாது. முடிவை வெளியிடக் கூடாது என்கிறது அது.

பயம் காட்டியது போதும். தெரியவேண்டியதைச் சொல்வோம். நிரோத் என்று நாம் சொல்லும் ஆணுறை நல்ல காப்பு. ஆனால் தேங்காயெண்ணெய் பட்டால் கிழியும், தண்ணீரில் கரையும் பசையே உகந்தது. ஆபத்தான உறவு நேர்ந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முன்கூட்டியே தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டுக் கிருமியைத் தடுக்கும் வழியும் உண்டு. சோதனை செய்து, டாக்டர் யோசனைப்படி தொடங்க வேண்டும். மேகவியாதியை அது தடுக்காது. கிருமி உள்ளவர் ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து, அது நீடித்தால், அவரிடமிருந்து உடலுறவின் மூலம் பிறருக்குத் தொற்றாது. இந்தச் சிகிச்சை 2004 முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசம். இவற்றில் எது தனக்கு ஒத்துவரும் என்று தீர்மானிக்க வேண்டியவன் அந்தத் தொழிலாளியே. மேஸ்திரியும் அல்ல, ஒழுக்கம் போதிக்கும் பெரியவர்களும் அல்ல.

ஆனால், தடுப்பு மாத்திரை யாருக்குக் கிடைக்கிறது? உலக சுகாதார ஸ்தாபனம் 2014-லேயே ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கு இதைச் சிபாரிசு செய்தது. இந்தியக் கம்பெனிகளே இதைத் தயாரித்து உலகெங்கும் விற்கின்றன. நகரத்துப் படித்தவன் விசாரித்து, காசு கொடுத்து வாங்குகிறான். காண்டிராக்ட் கூலிக்காரனில் எத்தனை பேர் இதன் பெயரையாவது கேட்டிருப்பான்? எல்லாச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் இதை இலவசமாகத் தர வேண்டும்; விவரங்களைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஹிந்தியிலும் ஒரியாவிலும் அச்சிட்டு ஆலை வாசலில் வழங்க வேண்டும் என்று கோருகிறோம்.

சங்கத் தோழர்களுக்கு ஒரு வேலை. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள ஸ்தாபனங்களில் இச்சட்டப்படி புகார் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் ஆலையில் அவர் யார் என்று நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். ரகசியமாக, இலவசமாகச் சோதிக்க சர்க்கார் ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் இருக்கிறது; விவரம் கேட்க 1097 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்யலாம். இதையும் நோட்டீஸ் பலகையில் எழுதிப் போடுங்கள்.