ஊரைப் பறித்தவர் வைத்த பேர்

ஐக்கிய அமெரிக்காவின் 50 மாநிலங்களுள் ஏறத்தாழச் சரிபாதி, அந்நாட்டு ஆதிக்குடிகளின் மொழிகளிலிருந்து வந்த பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. இவ்வுண்மையைச் சுட்டிக்காட்டி, வெள்ளையர் தாம் வென்ற மக்களை மதித்தனர் என்றும், அவர்தம் நினைவைத் தேசப்படத்திலே அழியாது பொறித்து வைத்தனர் என்றும் கூறுவோர் உளர். கற்றறிந்த நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு கருத்தரங்கிலே இதனையே கூறக் கேட்டேன். 'மிஸிஸிப்பி', 'மினசோற்றா' என்று அவர் நாவினிக்கச் சொல்லிச் சென்றபோது கூடியிருந்த மாணவர் தலையசைத்தனர். அந்தத் தலையசைப்புக்கு மறுமொழியாகவே இதனை எழுதுகின்றேன்.

நண்பர் தொடாது விட்ட மறுபாதிப் பெயர்களை முதலிற் காண்போம். கீழைக் கடற்கரையோரத்து மாநிலங்கள் பல அரண்மனைக் கணக்கேடு போன்றவை. 'கன்னி அரசி' எனப் புகழப்பட்ட முதலாம் எலிசபெத்துக்கு வேர்ஜீனியா. முதலாம் சாள்சின் மனைவி என்றியற்றா மரியாளுக்கு மேரிலாந்து. சாள்சு மன்னருக்குக் கரோலினா. இரண்டாம் ஜோர்ஜுக்கு ஜோர்ஜியா. இவை வெறும் முகத்துதி எனத் தள்ளிவிடலாமா? கரோலினாவின் 1669ஆம் ஆண்டு அடிப்படைச் சாசனத்தைப் பாருங்கள். சுதந்திரத்தின் தத்துவஞானி என்று பல்கலைக்கழகங்களிலே போற்றப்படும் ஜோன் லொக், அக்குடியேற்றத்தின் பிரபுக்களுக்குச் செயலாளராக இருந்து அதனை வரைவதிற் பங்குகொண்டவர். கரோலினாவின் சுதந்திரப் பிரசை ஒவ்வொருவனுக்கும் தன் நீக்ரோ அடிமைகள் மீது முழு அதிகாரம் உண்டென அச்சாசனம் விதித்தது.

நியூயோர்க்கின் கதையும் இத்தகையதே. 1664இல் ஒல்லாந்தரிடமிருந்து நியூ அம்ஸ்ரடாமைப் பறித்த ஆங்கிலேயர், மன்னனின் தம்பியான யோர்க் கோமகன் ஜேம்சின் பட்டத்தை நகருக்கும் மாநிலத்துக்கும் சூட்டினர். அந்தக் கோமகன் யார்? ஆபிரிக்கக் கரையிலிருந்து மனிதரை ஏற்றிச் சென்று விற்ற றோயல் ஆபிரிக்கன் கொம்பனியின் தலைவர். தான் விலைக்கு வாங்கிய மனிதரின் தோலிலே அக்கொம்பனி தன் பெயரின் முதலெழுத்துக்களைக் காய்ச்சிய இரும்பினாற் பொறித்தது. தேசப்படத்திலே ஒரு பெயர், மனிதத் தோலிலே ஒரு பெயர். இரண்டும் உடைமையையே குறித்தன.

பென்சில்வேனியா நல்லவர் ஒருவரின் பெயர் என்பர். வில்லியம் பென் நேர்மையாளர்தாம். தம் பெயரை வைக்க வேண்டாமென அவர் மறுத்ததும் உண்மை. தம் தந்தையான கடற்படைத் தளபதிக்கு மன்னர் பட்ட கடனுக்கு ஈடாக 1681இல் அக்காட்டைப் பெற்றார். மன்னர் தமதல்லாத காட்டைக் கொடுத்துத் தம் கடனைத் தீர்த்தார்! பென் மறைந்தபின் அவர் புதல்வர் 1737இல் செய்ததைக் கேளுங்கள். ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கும் தூரமளவு நிலம் தமக்குரியது என்று ஒரு பழைய பத்திரத்தை எடுத்துக்காட்டி, லெனாப்பே மக்களிடம் இசைவு பெற்றனர். பின்னர் வழியை முன்னரே செப்பனிட்டு, விரைந்து செல்லவல்ல மூவரைக் கூலிக்கு அமர்த்தி ஓடவிட்டனர். பத்து இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இந்த 'நடை'யிலே போயிற்று.

நிலமிழந்த லெனாப்பே மக்களுக்குப் பெயரும் மிஞ்சவில்லை. வேர்ஜீனியாவின் ஆளுநராயிருந்த டி லா வார் பிரபுவின் பெயர் 1610இல் ஒரு விரிகுடாவுக்கு இடப்பட்டது. அதிலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து ஆற்றங்கரையில் வாழ்ந்த மக்களுக்கு! தம்மை லெனாப்பே என்று அழைத்த மக்கள், ஓர் ஆங்கிலப் பிரபுவின் பெயரால் 'டெலவெயர்' எனப் பட்டியலிடப்பட்டனர். இன்று அம்மக்களின் வழித்தோன்றல்களுட் பலர் ஆயிரம் மைல்களுக்கும் அப்பால் ஒக்லகோமாவிலே வாழ்கின்றனர். டெலவெயர் என்ற மாநிலமோ பெருங்கொம்பனிகள் பதிவுசெய்து கொள்ளும் முகவரியாக விளங்குகின்றது.

இனி நண்பர் போற்றிய ஆதிக்குடிப் பெயர்களுக்கு வருவோம். கொனெக்ரிகட் என்பது நீண்ட ஆற்றைக் குறிக்கும் அல்கொங்கியச் சொல். இனிய சொல்தான். ஆனால் அந்த மண்ணிலே வாழ்ந்த பீக்குவொற் என்னும் மக்களின் பெயர் எங்கே? 1637 மே மாதத்திலே ஆங்கிலக் குடியேறிகள், தமக்குத் துணைநின்ற வேறு குடிகளோடு சென்று, மிஸ்ரிக் ஆற்றருகே இருந்த பீக்குவொற் கிராமத்தைச் சூழ்ந்து தீயிட்டனர். தப்பி ஓடியவர் சுடப்பட்டனர். பெண்டிர், பிள்ளைகள் உட்பட நானூறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். எஞ்சியோருட் சிலர் பேர்மியூடாவுக்கு அடிமைகளாக அனுப்பப்பட்டனர். ஏனையோர் அயற்குடிகளிடையே பங்கிடப்பட்டனர். மறு ஆண்டு, 1638இல், ஹாட்பர்டிலே ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. உயிர் தப்பிய மக்கள் இனிமேற் பீக்குவொற் என்று அழைக்கப்படலாகாது என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. பின்னர் பீக்குவொற் கிராமம் நியூ லண்டன் ஆயிற்று. பீக்குவொற் ஆறு தேம்ஸ் ஆயிற்று.

ஆற்றின் பெயரை வைத்துக்கொண்டு மக்களின் பெயரைச் சட்டத்தினால் தடைசெய்தவரை, நினைவைப் போற்றியவர் என்று எந்த நாவால் அழைப்பது? ஆறு நிலவுரிமை கேட்காது. உரிமை கேட்கக்கூடிய பெயரையே அவர்கள் அழித்தனர். அவ்வாறு அழித்தும் அது அழியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: மசன்ரக்கெற் பீக்குவொற் மக்கள் 1983இல் அமெரிக்க அரசின் அங்கீகாரத்தை அதே பெயரிலே பெற்றனர்.

அண்டைய மசாசுசெற்ஸ் என்பதும் ஒரு குடியின் பெயரே. அக்குடியேற்றத்துக்கு 1629இல் அமைந்த முத்திரையிலே ஓர் ஆதிக்குடிமகனின் உருவம் நிற்கின்றது. அவன் வாயிலிருந்து வரும் வாசகம்: 'வந்து எமக்கு உதவுங்கள்'. அவன் மொழியிலே நாட்டுக்குப் பெயர். அவன் வாயிலே எசமானரின் மொழி.

இந்தியானாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 'இந்தியரின் நாடு' என்பது பொருள். 'இந்தியர்' என்பதே வழிதவறிய ஒரு மாலுமியின் பிழை. அப்பிழைக்கும் தகுதியற்றவராயினர் போலும், 1838இல் அங்கிருந்த பொட்டவற்றொமி மக்களுள் 859 பேர் துப்பாக்கி முனையிலே கன்சாசுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். வழியிலே நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். இந்தியரின் நாட்டிலே இந்தியருக்கு இடமில்லை.

ஆதிக்குடிச் சொற்கள் இன்னிசைக்காகக் கொள்ளையிடப்பட்டன என்பதற்குச் சிரிப்பூட்டும் சான்றுகளும் உள. 1860ஆம் ஆண்டளவில், மலைநாட்டுச் சுரங்கப் பிரதேசம் ஒன்றுக்குப் பெயர் தேடியபோது, ஜோர்ஜ் வில்லிங் என்பார் 'இடாகோ' என்றொரு சொல்லை முன்வைத்தார். 'மலைகளின் மணி' என்பது அதன் பொருளாம். சொல் புனைவு என்பது வெளிப்பட்டதும், 1861இல் அப்பிரதேசத்துக்குக் கொலராடோ என்ற ஸ்பானியப் பெயரை வைத்தனர். ஆயினும் இரண்டே ஆண்டுகளில் வேறொரு பிரதேசத்துக்கு அதே பொய்ச்சொல் சூட்டப்பட்டது. இன்றும் அது ஒரு மாநிலத்தின் பெயர். வயோமிங் என்பதோ லெனாப்பே மொழிச் சொல். பென்சில்வேனியாவின் ஒரு பள்ளத்தாக்கைக் குறித்தது. ஸ்கொத்லாந்துக் கவிஞர் ஒருவரின் காவியத்தாற் பிரபலமடைந்தது. ஒகாயோவைச் சேர்ந்த காங்கிரஸ் அங்கத்தவர் ஒருவர் 1865இல் அதனை எடுத்து, ஆயிரம் மைல்களுக்கும் அப்பால் சொசோனியரும் அரப்பாகோக்களும் வாழ்ந்த மண்ணுக்கு வைக்க முன்மொழிந்தார். அம்மண்ணின் மக்கள் அதனை எப்படி அழைத்தனர் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

நண்பர் இங்கே ஒக்லகோமாவை எடுத்து நீட்டுவார் என்பதை அறிவேன். அது ஆதிக்குடிகளே வைத்த பெயரன்றோ? ஆம். 1866இல், உள்நாட்டுப் போருக்குப் பின் எழுதப்பட்ட ஒப்பந்தங்களின்போது, சொக்ரோ மக்களின் தலைவர் அலன் றைற் அச்சொல்லைக் கொடுத்தார். 'ஒக்லா' என்றால் மக்கள். 'ஹும்மா' என்றால் சிவப்பு. கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட குடிகளுக்கு நிரந்தர இருப்பிடம் எனக் காட்டப்பட்ட மண் அது. செரோக்கி மக்கள் 1838, 1839ஆம் ஆண்டுகளில் ஜோர்ஜியாப் பக்கத்திலிருந்து அங்கு நடத்தப்பட்டபோது ஏறத்தாழ 4,000 பேர் மடிந்தனர் என்பர். நிரந்தரம் நெடுங்காலம் நீடித்து நிற்கவில்லை. 1889இல் அப்பிரதேசத்தின் நடுப்பகுதியை வெள்ளையருக்குத் திறந்துவிட்டார்கள். குதிரையிலும் வண்டியிலும் ஓடிவந்து நிலம் பிடித்தார்கள்.

அதன்பின் நிகழ்ந்ததை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. 1905இல் ஆதிக்குடிகளின் பிரதிநிதிகள் மஸ்கோகி நகரிலே கூடி, எஞ்சிய தமது பிரதேசத்தைத் தனி மாநிலமாக ஏற்குமாறு கோரி ஓர் அரசியற் சாசனத்தையே வரைந்தனர். மக்கள் வாக்களித்து அதனைப் பெரும்பான்மையாக ஏற்றுக்கொண்டனர். அம்மாநிலத்துக்கு அவர்கள் தெரிந்தெடுத்த பெயர் 'செக்கோயா'. செக்கோயா மன்னருமல்லர், தளபதியுமல்லர். எழுத்தில்லாதிருந்த செரோக்கி மொழிக்குத் தனியொருவராக நின்று எழுத்து வகுத்து, 1821இல் அதனை நிறைவேற்றிய கைவினைஞர். ஐம்பது மாநிலங்களுள் எதற்காவது இதைவிடத் தகுதியான பெயர் உண்டா? காங்கிரஸ் அந்தக் கோரிக்கையை ஆராயவே மறுத்துவிட்டது. 1907இல் அப்பிரதேசம் வெள்ளையர் பெரும்பான்மையாயிருந்த பிரதேசத்தோடு இணைக்கப்பட்டு, ஒரே மாநிலமாயிற்று. ஆதிக்குடிகளின் சொல்லை ஏற்றார்கள். ஆதிக்குடிகள் தாமாகச் சூட்டி, தாமே ஆளக் கேட்ட மாநிலத்தை ஏற்கவில்லை. என் வாதம் முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியிலே அடங்கும்.

நம் தோழர்களுட் சிலர் வேறொரு திசையிலிருந்து என்னை மறுப்பர். பெயர் மேற்கட்டுமானம், நிலமே அடித்தளம், அதை விட்டுப் பெயருக்காக அழுவது குட்டிமுதலாளித்துவ உணர்ச்சி என்பர். நிலமே அடித்தளம் என்பதை யார் மறுத்தார்? பொதுநிலத்தைத் துண்டாடிய 1887ஆம் ஆண்டின் டோஸ் சட்டத்தினால், ஆதிக்குடிகளின் கையிலிருந்த 13 கோடியே 80 இலட்சம் ஏக்கர் 1934இல் 4 கோடியே 80 இலட்சம் ஏக்கராகச் சுருங்கியது. இக்கணக்கு எந்தப் பெயரையும்விடக் கொடியது. ஆனால் அந்தச் சட்டம் எப்படி நடைமுறைப்படுத்தப்பட்டது? பெயர்ப் பட்டியல்களினால். யார் எக்குடியினர் என்று எழுதி, குடும்பத் தலைவன் பெயருக்கு இத்தனை ஏக்கர் என்று பதிந்து, எஞ்சியதை 'உபரி' என்று விற்றனர். பெயரைப் பதிந்த பேனாவே நிலத்தையும் வெட்டியது. 2020 ஜூலையிலே அமெரிக்க உயர்நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால், கிழக்கு ஒக்லகோமாவிலுள்ள கிறீக் மக்களின் ஒதுக்குநிலம் சட்டப்படி ஒருபோதும் கலைக்கப்படவில்லை என்று தீர்த்தது. குற்றவியல் வழக்கொன்றிலே பிறந்த தீர்ப்பு அது. 2022இல் அதே மன்று அதன் பயனை ஓரளவு குறுக்கியும் விட்டது. எனினும் அத்தீர்ப்புக்கு ஆதாரமாக நின்றவை பழைய ஒப்பந்தங்களிலே எழுதப்பட்ட பெயரும் எல்லையுமே. பீக்குவொற் மக்களின் பெயரை 1638இல் ஏன் தடைசெய்தார்கள் என்பது இப்போது விளங்கும். அடக்குபவன் பெயரை அற்பமென்று எண்ணியதில்லை.

ஆசிரியத் தோழருக்காக இன்னொன்றைக் கூற விரும்புகின்றேன். டகோற்றா என்றால் நண்பர். அம்மக்களுள் 38 பேர் 1862 டிசம்பர் 26ஆம் நாள் மினசோற்றாவின் மங்காற்றோ நகரில் ஒரே மேடையிலே தூக்கிலிடப்பட்டனர். மினசோற்றா என்பதும் டகோற்றாச் சொல்லே. அடுத்த ஆண்டு அம்மக்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். 1889இல் வட, தென் டகோற்றா என்னும் இரு மாநிலங்கள் தோன்றின. மறு ஆண்டு டிசம்பரிலே, தென் டகோற்றாவின் வூண்டட் நீ ஓடைக்கரையிலே, அவர்களின் உறவினரான லகோற்றா மக்களைப் பட்டாளம் சுட்டுக் குவித்தது.

இதற்கிடையே, 1879இல், பென்சில்வேனியாவின் காளைல் நகரிலே அரசு ஒரு விடுதிப் பாடசாலையைத் திறந்தது. டகோற்றாப் பிரதேசத்திலிருந்து பிள்ளைகள் புகையிரதத்திலே கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் ஒருவன் ஓற்றா க்றே. பிற்காலத்திலே எழுத்தாளராக விளங்கிய அவர் அந்த நாளைத் தம் நூலிலே விவரித்துள்ளார். கரும்பலகை நிறைய அவனுக்குப் புரியாத வெள்ளைக் கோடுகள். அவை பெயர்கள் என்றார் மொழிபெயர்ப்பாளர். கையிலே குச்சியைக் கொடுத்து, ஒன்றைத் தொடு என்றார் ஆசிரியை. அவன் ஒன்றைத் தொட்டான். அன்றிலிருந்து அவன் பெயர் லூதர். தொட்ட பெயரைத் துணிநாடாவில் எழுதி ஒவ்வொரு சிறுவனின் சட்டை முதுகிலும் தைத்தனர். அவன் பிறந்த மண்ணுக்கு அவன் மக்களின் பெயர். அவனுக்கு மட்டும் அது கிடையாது. அதைச் செய்தவர் பட்டாளத்தார் அல்லர். நம்மைப்போல வெண்கட்டி பிடித்த ஒருவர்.

அப்பாடசாலையிலே நோயுற்று மாண்ட பிள்ளைகள் பலர் அங்கேயே புதைக்கப்பட்டனர். அவர்தம் குடிகள் நெடுங்காலம் போராடிக் கேட்டதன் பின்னர், 2017 முதல் குழிகள் சிலவற்றைத் திறந்து என்புகளைத் திருப்பிக் கொடுத்து வருகின்றனர். 2021 ஜூலையில் ஒன்பது சிறுவரின் என்புகள் தென் டகோற்றாவின் றோஸ்பட் ஒதுக்குநிலத்துக்கு வந்து சேர்ந்தன. காளைலின் இடுகாட்டிலே நிற்கும் வெண்கற்கள் சிலவற்றில் குடியின் பெயரோ பிள்ளையின் பெயரோ இல்லை; 'அறியப்படாதவர்' என்று மட்டும் வெட்டியிருக்கின்றது.