ஆட்டுக்குட்டிகளுக்கு முதலில் ஆகாரம்

தியானப் பகுதி: யோவான் 21:1-17



பழவேற்காட்டுக் கரையின் விடியற்காலையை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. இரவெல்லாம் ஏரியில் கிடந்த படகுகள் திரும்பும் நேரம் அது. ஆண்கள் வலையை உதறி, இறால் வேறு, நண்டு வேறு, மடவை வேறு எனப் பிரிப்பார்கள். பெண்கள் கூடையோடு ஏலத்திற்குக் காத்திருப்பார்கள்; மீன் கைக்கு வந்தவுடன் பொன்னேரிக்கோ அதற்கு அப்பாலோ பேருந்து பிடித்தாக வேண்டும். அந்த வேளையில் பல வீடுகளில் அடுப்பு மூட்ட ஆளிராது. பிள்ளைகள் பழைய சோற்றைத் தாங்களே போட்டுக்கொண்டோ, அதுவும் இல்லையென்றால் ஒரு தேநீரோடோ பள்ளிக்குப் புறப்படுவார்கள்.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம்முடைய சீஷர்களைச் சந்திக்கத் தெரிந்துகொண்டதும் இப்படிப்பட்ட ஒரு விடியற்காலைதான். திபேரியாக் கடலில் இராமுழுவதும் வலைவீசி ஒன்றும் அகப்படாமல் அவர்கள் சோர்ந்திருந்தார்கள். அவர் சொன்னபடியே வலது புறத்தில் வலையைப் போட்டபோது 153 பெரிய மீன்கள் கிடைத்தன. ஆனால் கரையேறியபோது அவர்கள் கண்டது என்ன? கரிநெருப்பு எரிந்துகொண்டிருந்தது, அதின்மேல் மீனும், கூடவே அப்பமும் ஆயத்தமாயிருந்தன. தம்மை மறுதலித்த பேதுருவிடம் பேச வேண்டிய காரியம் அவருக்கு இருந்தது. அதை அவர் முதலில் பேசவில்லை. முதலில் உண்ணும்படி அழைத்தார். எல்லாரும் உண்ட பின்னரே, தம்மை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டார்.

அந்த உரையாடலின் கிரேக்க மூலத்தை வாசிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். பேதுருவுக்கு ஆண்டவர் இட்ட மூன்று கட்டளைகளில் முதலாவதிலும் மூன்றாவதிலும் வருகிற வினைச்சொல் தீனி கொடுப்பதைக் குறிக்கிறது. நடுவில் வருகிறதே மேய்த்து நடத்துவதைக் குறிக்கிற சொல். முதல் கட்டளையில் அவர் சொன்னது பெரிய ஆடுகளையும் அல்ல, குட்டிகளை.

இதை நான் இவ்வாரம் நினைவுபடுத்துவதற்குக் காரணம், நம் ஊர்களிலுள்ள தொடக்கப்பள்ளிகளே. 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அரசு வழங்கும் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அது மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. ஆனால் திருச்சபைகள் நடத்தும், அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அப்போது அது வரவில்லை. ஒரே தெருவில் ஒரு பிள்ளை உண்டுவிட்டு வகுப்புக்குப் போயிற்று. இன்னொரு பிள்ளை வெறும் வயிற்றோடு போயிற்று. ஏறத்தாழ 11 மாதங்கள் இந்நிலை நீடித்தது. 2024 ஜூலை 15, காமராசர் பிறந்தநாளில், நம்முடைய திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில், ஊரகப் பகுதிகளின் உதவிபெறும் பள்ளிகளுக்கும் இத்திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். 3,995 பள்ளிகளில் இரண்டு இலட்சத்திற்கும் அதிகமான பிள்ளைகளுக்கு அந்நாளில் பந்தி திறந்தது. அது தொடங்கிய இடம் ஒரு கத்தோலிக்கப் பள்ளி என்பதை நன்றியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே நான் ஓர் அறிக்கை செய்ய வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் ஊழியம் செய்த ஓர் ஊரில், கத்தோலிக்கப் பள்ளியொன்றின் தலைமை ஆசிரியையான அருட்சகோதரி எங்கள் சபையிடம் ஓர் உதவி கேட்டார். காலையில் பசியோடு வரும் சில பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க நம் பெண்கள் வர முடியுமா என்பதே அவர் கேள்வி. மூப்பர் ஒருவர், "அது அவர்கள் பள்ளி, ஐயா" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனத்திற்காக இன்றும் ஆண்டவருடைய சமுகத்தில் வெட்கப்படுகிறேன்.

"அவர்கள்", "நாம்" என்கிற இந்தச் சொற்களின் பலனை நம்முடைய கரை நன்றாய் அறியும். 1612-இல் போர்த்துக்கேயர் இங்கிருந்த டச்சுக்காரரின் பண்டகசாலையைத் தாக்கினார்கள். 1613-இல் டச்சுக்காரர் கெல்திரியா கோட்டையை எழுப்பினார்கள். இருவரும் கிறிஸ்துவின் நாமத்தைச் சொன்னவர்கள். ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் சீர்திருத்தச் சபையார். இன்று அந்தக் கோட்டை இல்லை. டச்சுக்காரரின் கல்லறைகள்தாம் எஞ்சியிருக்கின்றன. பசித்த ஒரு பிள்ளையின் முன்னே நின்று அது எந்தச் சபையின் பள்ளி என்று விசாரிக்கிறவன், அந்தப் பழைய சண்டையை இன்னும் விட்டுவிடவில்லை.

பள்ளி மணி அடிக்குமுன் நடக்கும் அந்தப் பந்தியை உணவுத் திட்டம் என்று மட்டும் எண்ணாதிருங்கள். அது பிள்ளைகளின் முதல் பாடம். நம் ஏரியில் 'பாடு' என்ற பழைய முறை உண்டு என்பதை அறிவீர்கள். எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பதை ஊரார் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். வலியவன் நல்ல இடத்தை எந்நாளும் பிடித்துக்கொள்ளாதபடி தடுக்கிற ஏற்பாடு அது. நம் முன்னோரின் ஞானத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் அதில் பெயரில்லாத குடும்பங்களும் இதே ஏரியை நம்பித்தான் பிழைக்கின்றன. ஓலைக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் சேற்றைத் துழாவி வெறுங்கையால் இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு எந்தச் சீட்டும் விழுவதில்லை.

பள்ளித் தாழ்வாரத்தின் வரிசையிலோ சீட்டே கிடையாது. பாட்டில் பங்குள்ள வீட்டுப் பிள்ளையும், பங்கில்லாத வீட்டுப் பிள்ளையும், ஜமீலாபாத்திலிருந்து வரும் பிள்ளையும் அருகருகே அமர்ந்து ஒரே பாத்திரத்துக் கிச்சடியை உண்ண முடிகிறது. எழுத்தும் கணக்கும் தனிப்பயிற்சியிலும் கிடைத்துவிடும். அடுத்தவன் பசியை அறிந்து, அவன் தட்டில் விழும்வரை காத்திருக்கும் பழக்கம் வேறெங்கே கிடைக்கும்?

ஆனால் இந்த வரிசையையும் நாம் கெடுத்துவிடக்கூடும். சமைக்கிறவளின் சாதியைக் கேட்டுப் பிள்ளைகளை உண்ணவிடாத பெற்றோரைப் பற்றித் தமிழ்நாட்டிலே செய்திகள் வந்தன. நம்மில் அப்படியொருவரும் இல்லை என்று சொல்லத் துணிவீர்களா? "என் பிள்ளைக்கு வீட்டிலிருந்தே டிபன் கொடுத்துவிடுகிறேன்" என்கிற நாகரிகமான வார்த்தைக்குள் சில வேளைகளில் அதே எண்ணம் ஒளிந்திருக்கிறது.

"பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுவது தாயின் கடமையல்லவா? அரசு போட்டால் சோம்பல் பெருகாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. வேலை செய்ய மனதில்லாதவனைக் குறித்துப் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை அவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தக் கடிந்துகொள்ளுதல் உழைக்க மனமில்லாத பெரியவர்களுக்குரியது. ஏழு வயதுப் பிள்ளைக்குரியது அல்ல. விடியுமுன் எழுந்து ஏலக்கரையில் நிற்கிற தாயைச் சோம்பேறி என்று சொல்ல எந்த விசுவாசிக்கும் உரிமை இல்லை.

ஆகவே சபையாரிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். முதலாவது, உங்கள் பிள்ளை குப்பத்துப் பள்ளியில் படித்தால், அந்தப் பந்தியில் அமரவிடுங்கள். தனி டப்பா வேண்டாம். இரண்டாவது, உங்கள் பிள்ளையை வேன் ஏற்றி ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்பினாலும், நம் ஊர்ப் பள்ளியைக் கைவிடாதிருங்கள். அதன் கூட்டங்களுக்குப் போங்கள். தண்ணீர் வருகிறதா, கழிப்பறைக்குக் கதவு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, மாதத்தில் ஒரு நாள், அது கத்தோலிக்கப் பள்ளியானாலும் ஊராட்சிப் பள்ளியானாலும், ஆசிரியரின் அனுமதியோடு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து அவர்கள் உண்பதையே உண்ணுங்கள். பிரசங்கம் செய்யப் போக வேண்டாம். முதலில் நான் போகிறேன்.

கரையிலே நெருப்பு மூட்டியிருந்த ஆண்டவர், சீஷர்கள் பிடித்த மீன்களிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொன்னார் என்பதை மறவாதீர்கள். அவரிடத்தில் ஏற்கெனவே மீன் இருந்தது. ஆனாலும் அவர்களுடைய பங்கையும் அந்தப் பந்தியில் சேர்த்துக்கொண்டார். அரசு அடுப்பை மூட்டிவிட்டது. நம்முடைய பங்கு இன்னும் படகிலேயே கிடக்கிறது.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் கரையின் சிறு பிள்ளைகளை எங்களுடையவர்கள், மற்றவர்களுடையவர்கள் என்று பிரித்துப் பார்த்த பாவத்தை எங்களுக்கு மன்னியும். அவர்களோடு அமர்ந்து உண்ணத்தக்க தாழ்மையை எங்களுக்குத் தாரும். ஆமென்.